உங்கள் எஞ்சின், என் வண்டி

அக்கா,

இன்று சாயங்காலம் சேலத்திலிருந்து ஏறி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு பேனட்டைத் தூக்கினேன். மிளகு வறுக்கிற வாசனை வந்தது. காருக்குள் மிளகு எங்கிருந்து வரும் என்று குனிந்து பார்த்தால், எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு குழிவில் நாலைந்து மிளகு சிக்கி, சூட்டில் பொரிந்துகொண்டிருந்தது. உங்கள் தோட்டத்து மிளகு. போன மாசம் உங்கள் எஞ்சினைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும்போது உங்கள் வீட்டுக்காரர் அதை மிளகுச் சாக்கில் சுற்றித்தான் அனுப்பினார். சாக்கின் மூலையில் ஒட்டியிருந்தது உதிர்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என் வண்டிக்குள் உங்கள் வாசனைதானா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பேனட்டை மூடாமல் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் மோந்துகொண்டிருந்தேன். இரண்டையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நாளைக் காலையில் முத்துவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் இருவர் வண்டிக்கும் வைத்தியம் பார்த்த அதே மெக்கானிக் முத்துதான். என் வண்டியின் எஞ்சின் போய்விட்டது. உங்களுடையதைப் பூட்டிக் கொடுத்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்றான். பிடித்திருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் எண்ணை மாற்றிக்கொண்டு அதையே வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு, என் வண்டிக்கென்றே வந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் பூட்டித் தருவான். சேலத்தில் நல்லதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். இருப்பதா, கழற்றுவதா என்று நான் சொன்னால் போதும். ஒரு வாரமாக என் வாயில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

நமக்கு நடுவில் எது வந்தாலும் முதலில் எடுத்தது நீங்கள். அண்ணன் பெண்டாட்டி நீங்கள், தம்பி பெண்டாட்டி நான். மாமியார் வைத்த சட்டம் அது. தீபாவளிக்கு இரண்டு புடவை வந்தாலும், “மூத்தவ எடுக்கட்டும், அப்புறம் சின்னவ எடுத்துக்குவா” என்பார். நீங்கள் வேண்டுமென்றே நிதானமாக எடுப்பீர்கள் என்று எனக்குத் தோன்றும். இரண்டையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நான் மனதுக்குள் எடுத்து வைத்திருப்பதை எடுப்பீர்கள். தலைச்சோலைத் தோட்டத்தைப் பிரித்தபோது ஊற்று இருக்கிற பக்கம் உங்களுக்குப் போனது, பாறை இருக்கிற பக்கம் எனக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே மாடலில் இரண்டு பழைய சின்னக் கார்களை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்திய அன்றும் அதேதான். ஒன்று வெள்ளை. இன்னொன்று என்ன நிறம் என்று இன்றுவரை யாரும் தீர்மானமாகச் சொன்னதில்லை. நீங்கள் வெள்ளையின் மேல் கை வைத்தீர்கள்.

நீங்கள் எதையும் பிடுங்கிக்கொண்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். அது தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.

புடவையைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தப் படலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. காட்டெருமை உள்ளே வராமல் இருக்க நம் பாதையில் போட்டிருக்கும் மூங்கில் படல். அதைத் தாண்டினால் முதலில் உங்கள் வீடு, அப்புறம் என் வீடு. உங்கள் வண்டி கீழ் வளைவில் திரும்பும்போதே உங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்து படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பழகப் போன முதல் நாளே காரைச் சாக்கடையில் இறக்கிவிட்டு, இனி இந்த வேலை உன்னோடது என்று சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர் செய்த வேலை அந்தப் படல். நான் வந்தால் யாரும் வரமாட்டார்கள். நானே இறங்கித் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூட வேண்டும். மழையிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் உள்ளேதான் இருப்பார். “வண்டிச் சத்தம் கேக்கலியேப்பா” என்பார். மூன்று சிலிண்டர் எஞ்சின் போடுகிற சத்தம் செத்தவனுக்கும் கேட்கும்.

சேலத்தில் நாம் எஞ்சின் வாங்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? எதற்குக் கேட்கிறேன், உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டு வண்டிக்கும் ஒரே மழைக்காலத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உங்கள் மிளகு மூட்டையையும் பட்டர் ஃப்ரூட் கூடையையும், என் காபித்தூள் டப்பாக்களையும் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அரிசியும் உரமுமாக ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முதல் கியரில் அழுதுகொண்டே ஏறும். ரெண்டுக்கும் வேற எஞ்சின் பாத்துருங்க என்றான் முத்து.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடையில் எஞ்சின்களைத் தேய்ந்த டயர்களின் மேல் உட்காரவைத்திருந்தார்கள். நம் வண்டிக்குப் பொருந்துவதாக அன்றைக்கு இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று நம் வண்டியில் இருந்த அதே மூன்று சிலிண்டர், வேலை பார்த்துத் துடைத்து வைத்தது. மற்றது அதே கம்பெனியின் கொஞ்சம் பெரிய காரிலிருந்து இறக்கிய நாலு சிலிண்டர், கியர்பாக்ஸோடு. கடைக்காரர் ஒரு பாட்டிலில் பெட்ரோலைக் கட்டித் தொங்கவிட்டு, பேட்டரி வயரைத் தொட்டு இரண்டையும் ஓட்டிக் காட்டினார். மூன்று சிலிண்டர் டயரோடு சேர்ந்து குதித்தது. நாலு சிலிண்டர் ஓடும்போது அவர் தன் டீ கிளாஸை அதன் தலையில் வைத்தார். டீ தளும்பவில்லை.

எனக்கு அதுதான் வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் முதலில் எடுக்கப்போவது நீங்கள். அதனால் வாயை வைத்து வேலை பார்த்தேன்.

“அக்கா, இந்த மூணு சிலிண்டரப் பாருங்க, எத்தன லட்சணமா இருக்குதுங்க. நம்ம வண்டிக்குன்னே செஞ்சதுங்க. அந்தப் பெரிசு எதுக்குங்க? பெட்ரோல் குடிக்கும். நம்ம ரேடியேட்டர் அதுக்குப் பத்தாது. சூடாயி பாதி மலையில நின்னுக்கும்.”

நீங்கள் என்னையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

“அத்தன புடிச்சிருச்சா கண்ணு உனக்கு?”

“நொம்ப புடிச்சிருக்குதுங்க்கா.”

“அப்புறமென்ன, அத நீயே வெச்சுக்க. நான் இந்தப் பெரிசக் கட்டிட்டு அழுதுக்கறேன்” என்று சொல்லி நாலு சிலிண்டரின் மேல் கை வைத்தீர்கள். டீ கிளாஸை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தீர்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். விட்டுக்கொடுத்தீர்களா, என்னை வைத்துச் சிரித்தீர்களா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் தெரியவில்லை.

நம் மலையில் ஒரு வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று யாரும் கேட்பதில்லை. எந்த கியரில் ஏறும் என்றுதான் கேட்பார்கள். டீக்கடையில் நான் நிற்கும்போதுகூட, “பெரியக்கா வண்டி மூணாவதுலயே வருதாமுங்களே” என்று என்னிடமே வந்து கேட்பார்கள். ஆமாமுங்க என்பேன். சொல்லும்போது டீ கசக்கும். நான் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஒரு வளைவை ஏறும்போது, பின்னால் நீங்கள் வருவீர்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஓரம் கொடுக்க வேண்டும் என்பார்கள், ஏறுகிற வண்டியே இன்னொரு ஏறுகிற வண்டிக்கு ஓரம் கொடுக்க வேண்டியிருந்தது என் ஒருத்திக்குத்தான். ஒரு சின்ன ஹாரன் கொடுத்துவிட்டு முந்திப் போவீர்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவீர்கள். உங்கள் எஞ்சின் சூடாகட்டும், ஒரே ஒருநாள் ஓரமாக நின்று நீராவி விடட்டும், நான் நிறுத்தி, “என்னாச்சுங்க்கா?” என்று கேட்கிறேன் என்று வேண்டிக்கொண்டே ஏறுவேன். நீங்கள் பெரிய ரேடியேட்டராகப் பார்த்து மாட்டியிருந்தீர்கள். அது சூடாகவே இல்லை.

அந்த எஞ்சினை நான் ஓட்டியது ஒரே தடவை. போன வருஷம் ஆடியில். மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரர் கரடியூரில் இருந்தார். ஆம்புலன்ஸ் மேலே ஏறி வந்து இறங்குவதற்குள் நாமே போய்விடலாம் என்று சாவியை என் கையில் கொடுத்தீர்கள். என் வண்டி வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இறக்கத்தில் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்த நீங்கள் வாயை மட்டும் திறந்தீர்கள்.

“பிரேக்க மிதிச்சுட்டே போகாத கண்ணு. ரெண்டாவதுல உடு. அதுவே புடிச்சுக்கும்.”

இந்த வலியிலும் எனக்கு ஓட்டச் சொல்லித் தர வேண்டுமா என்று பல்லைக் கடித்தேன். ஆனாலும் இரண்டாவதில் விட்டேன். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. அடிவாரம் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் பேசினீர்கள், கூட வந்திருந்த உங்கள் வீட்டுக்காரரிடம் படலைச் சாத்தினீர்களா என்று விசாரித்தீர்கள். சாயங்காலம் பேச்சு நின்றுவிட்டது. திரும்பி ஏறும்போது நான் ஆம்புலன்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், உங்கள் காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆக, அந்த எஞ்சினோடு நான் இறங்கியிருக்கிறேன், ஏறியதில்லை.

இந்த வருஷம் என் வண்டி நீலமாகப் புகை விட்டது. அப்புறம் உள்ளே எதுவோ சுத்தியலால் தட்டுவது போலத் தட்டியது. இதுக்கு மேல இத நோண்டுனாப் பிரயோசனமில்லீங்க என்றான் முத்து. டீசல் எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடலாமா என்று என் வீட்டுக்காரர் தன் பங்குக்குக் கேட்டார். “ஏனுங்க, அந்த எடைக்கு முன்சக்கரம் ரெண்டும் படுத்துக்குமுங்க” என்றான் முத்து. அன்று மாலை உங்கள் வீட்டுக்காரர் என் வாசலுக்கு வந்தார்.

“அவ வண்டி தரை பூராத் துருப்புடிச்சுப் போச்சு கண்ணு. பனியில கெடந்து கெடந்து இனி அது ஓடாது. எஞ்சின் மட்டும் கல்லாட்டம் இருக்குது. எடுத்துக்க.”

யோசிச்சுச் சொல்றனுங்க மாமா என்றேன். யோசிக்க என்ன இருந்தது? வருஷக்கணக்காக ஆசைப்பட்டது வாசலுக்கே வந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நீங்கள் முதலில் எடுத்து, ஆசை தீர ஓட்டி, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனதுதான் கடைசியில் எனக்கா? மறுநாள் சரியென்று சொல்லிவிட்டேன். ஆசை அப்படி.

அடிவாரத்திலிருந்து முதல் தடவை ஏறியதைச் சொல்கிறேன், கேளுங்கள். அரிசி மூட்டை பின்னால் இருந்தது. முதல் வளைவில் பழக்க தோஷத்தில் முதல் கியருக்குப் போனேன், வண்டி துள்ளியது. இரண்டாவது போட்டேன். அப்புறம் நடுங்கிக்கொண்டே மூன்றாவது. ஏறியது, அக்கா. அழாமல், உறுமாமல், ஏதோ சமதரையில் போவது போல ஏறியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். முன்னால் பழக்கூடை ஏற்றிய ஒரு வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு போனது. சின்ன ஹாரன் கொடுத்து முந்தினேன். முந்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். யாரோ ஒரு ஆள் ஓட்டிக்கொண்டு வந்தார். அவரை முந்தி எனக்கு என்ன ஆகப்போகிறது? இதைப் பார்த்துப் புழுங்க வேண்டிய ஒரே ஆள் அந்தக் கண்ணாடியில் இல்லை. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஏற்காடு தாண்டி நம் பக்கம் திரும்பியதும் வேறொன்று ஆரம்பித்தது. எஸ்டேட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே நிமிர்ந்து கையைத் தூக்கினார்கள். கிட்டே வந்ததும் வண்டியின் நிறம் தெரிந்தது, என் மூஞ்சி தெரிந்தது. தூக்கிய கைகள் அப்படியே தலைத்துண்டைச் சரிசெய்யப் போய்விட்டன. “அய்யோ, சின்னக்காங்களா?” என்றாள் ஒருத்தி. எதிரே பைக்கில் வந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் சத்தம் கேட்டு ஓரமாக ஒதுங்கிச் சிரித்த முகத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பாதையில் நானும்தான் போய் வந்தேன். என் எஞ்சின் சத்தத்துக்கு ஒரு நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

கீழ் வளைவில் திரும்பினேன். படல் திறந்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். “மாமா, நான்தானுங்க. நீங்க எதுக்குங்க எந்திரிச்சு வந்தீங்க?”

“தெரியுங் கண்ணு. எஞ்சினக் குடுத்ததே நாந்தான. தெரிஞ்சும் காலு வந்துருச்சு.”

அவர் வந்து பேனட்டின் மேல் கையை வைத்தார். கொதிக்கிற சூடு, எடுக்கவில்லை. அப்புறம் அவராகவே சிரித்தார்.

“அன்னைக்கு இத வாங்கிட்டு வந்து அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே. நீ மூணு சிலிண்டரப் புகழ்ந்தத அப்படியே நடிச்சுக் காட்டுனா. உனக்கு எது வேணும்னு அவளுக்குத் தெரியும் கண்ணு. கொஞ்ச நாள் போகட்டும், வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டான்னா மாத்திக் குடுத்துரலாம்னு சொன்னா. ஒவ்வொரு தடவ நீ ஊட்டுக்கு வர்றப்பவும் இன்னைக்குக் கேப்பா, இன்னைக்குக் கேப்பான்னு காத்துட்டு இருப்பா. நீ கேக்கவே இல்ல.”

கேட்பேனா நான்? அதுவும் உங்களிடம்? படலைத் தாண்டி வண்டியை விட்டு, என் வீட்டு வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள்தான் கேட்காமலே கொடுத்திருக்கலாமே, அக்கா. தெரியும் இல்லையா? தெரிந்துகொண்டே முந்தினீர்கள், தெரிந்துகொண்டே கண்ணாடியில் தலையை ஆட்டினீர்கள். ஒரே வளைவில் எதிரெதிராக நின்று, நீ பின்னால் எடு, நீ எடு என்று முறைத்துக்கொள்கிற இரண்டு பஸ் மாதிரி இத்தனை வருஷம் நின்றிருக்கிறோம். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, “என்ன, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டே?” என்று கேட்டார். எஞ்சின் மாறியது அவர் காதுக்குத் தெரியவில்லை.

அதிலிருந்துதான் எனக்கு முடிவு வரவில்லை. உங்கள் எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனால் அதைப் பூட்டிக்கொண்டால் ஓட்டுவது நானாகவும் வருவது நீங்களாகவும் இருக்கும். மூன்று சிலிண்டரைப் பூட்டினால் முதல் கியரில் அழுதுகொண்டு ஏற வேண்டும், மழையில் இறங்கிப் படலைத் திறக்க வேண்டும். ஆனால் வருவது நானாக இருப்பேன். சேலத்தில் பார்த்து வைத்திருப்பதையே பூட்டிவிடு என்று முத்துவிடம் சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன். இன்னொரு யோசனையும் செய்து பார்த்தேன். படலுக்கு முந்தைய வளைவில் இரண்டு ஹாரன் அடித்தேன், நான்தான் வருகிறேன் என்று தெரியட்டும் என்பதற்காக. ஹாரனில் கை வைக்கும்போதே படல் திறந்திருந்தது. அவர் ஹாரனுக்கு எழுந்து வருவதில்லை.

இன்று சாயங்காலம் வந்தபோது படல் பாதிதான் திறந்திருந்தது. மீதிப் பாதியை அவர் இழுத்துக்கொண்டிருந்தார். மூட்டுவலி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு காலில் செருப்பு இல்லை.

“காத்து அந்தப் பக்கமா அடிக்குது கண்ணு. சத்தம் லேட்டாத்தான் கேட்டுச்சு” என்றார். தப்புச் செய்தவர் மாதிரிச் சொன்னார். உங்களிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார் என்று புரிந்தது. அதற்கப்புறம்தான் வீட்டுக்கு வந்து பேனட்டைத் தூக்கியதும், மிளகு வாசனை வந்ததும்.

நாளைக் காலை முத்துவிடம் கழற்ற வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது உள்ளே அப்படியேதான் இருக்கிறது, இந்த எஞ்சின் இருக்கிற வரைக்கும் இருக்கும். ஒரு மனுஷன் சத்தத்தைக் கேட்டு ஒற்றைச் செருப்போடு எழுந்து வருகிற மாதிரி இருந்துவிட்டுப் போய்விட்டீர்களே, அதை எந்தக் கடையில் போய் நான் வாங்குவது?

நாளையிலிருந்து ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். கீழ் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே, ஊற்றுப் பக்கத்து ஏற்றத்திலேயே, மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கி ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்துவிடுவேன். சத்தம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போகட்டும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு செருப்பையும் தேடிப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படலுக்கு நடந்து வரட்டும். வருவது நீங்கள் என்று அந்தக் கொஞ்ச தூரம் நடக்கட்டும். நான் மெதுவாகவே வருகிறேன்.